விமானச் சீட்டு விற்பனையின் வரலாறு

ஒரு பொருளை ஆக்குவதற்கு ஆகும் செலவு ஒன்று; அதனை வாங்குவோன் கையிற் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மற்றொன்று. நெல் விளைவிப்போனுக்கும் சுருட்டுச் சுற்றுவோனுக்கும் இவ்வுண்மை நன்கு தெரியும். சரக்குச் சந்தைக்குப் போக வண்டி வேண்டும். சந்தையிலே தரகன் வேண்டும். தரகனுக்குக் கூலி வேண்டும். நிலத்தைத் தொடாது வானிலே செல்லும் விமானத்துக்கும் இந்நியதி விலக்கன்று. விமானக் கம்பனி விற்கும் சரக்கு ஆசனம். அந்த ஆசனத்தை விற்றுக் கொடுப்பதற்காகக் கம்பனிகள் யார் யாருக்கு என்னென்ன கொடுத்தன, அச்செலவைக் குறைப்பதற்கு எவ்வெவ்வழிகளை நாடின, அதனால் ஆதாயம் அடைந்தோர் யாவர், நட்டம் அடைந்தோர் யாவர் என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும். இவ்வரலாற்றின் பெரும்பகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நிகழ்ந்தது. ஆதலின் நாமும் பெரும்பாலும் அந்நாட்டிலேயே தங்கி நிற்போம்.

முதற்கண் ஆசனம் என்னும் இச்சரக்கின் இயல்பை அறிந்து கொள்ளல் வேண்டும். நெல்லைக் களஞ்சியத்தில் இட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். ஆசனத்தை அவ்வாறு வைத்திருத்தல் இயலாது. விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்த கணத்திலேயே, அதிலே விற்கப்படாதிருக்கும் ஆசனம் பெறுமதியற்றதாகி விடுகின்றது. பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டிய மீனைப் போன்றது அது. மற்றொரு புறம், ஒரே ஆசனத்தை இருவருக்கு விற்றுவிட்டாலோ புறப்படும் வேளையிலே பெருஞ் சச்சரவு எழும். ஆகவே, எந்த நாளிலே எந்த விமானத்திலே எத்தனை ஆசனங்கள் வெறுமையாய் உள்ளன என்பதைக் காட்டும் கணக்கேடு ஒன்று வேண்டும். பல ஊர்களிலும் இருந்து விற்போர் யாவரும் ஒரே வேளையில் அவ்வேட்டைப் பார்க்கவும் வேண்டும். விமானச் சீட்டு விற்பனையின் கதை முழுவதும் இந்தக் கணக்கேட்டைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. ஏடு எவன் கையில் இருந்ததோ, வியாபாரத்தின் கடிவாளமும் அவன் கையிலேயே இருந்தது.

தொடக்கத்திலே அவ்வேடு கடதாசி அட்டைகளால் ஆனதாய் இருந்தது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் என்னும் கம்பனி ஆர்க்கன்சோ மாநிலத்து லிட்டில் றொக் நகரிலே கையாண்ட முறை இதற்குச் சிறந்த உதாரணம். சுழலும் மேசை ஒன்றிலே ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை வைக்கப்பட்டிருக்கும். இலிகிதர் எண்மர் அதனைச் சூழ அமர்ந்திருப்பர். தொலைபேசியிலே வேண்டுகோள் வந்ததும் மேசையைச் சுழற்றி, உரிய அட்டையை எடுத்து, ஆசனம் விற்கப்பட்டதற்கு அடையாளமாக அதிலே குறியிடுவர். விமானத்தைத் தேடி, ஆசனத்தை ஒதுக்கி, சீட்டை எழுதி முடிப்பதற்குச் சராசரி 90 நிமிடங்கள் சென்றன. சிலவேளைகளில் மூன்று மணித்தியாலங்களும் கழிந்ததுண்டு. மேசையைச் சுற்றி எண்மருக்கு மேல் அமர இடமில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இம்முறையின் எல்லை நன்கு புலப்படும். விமானங்கள் பெருகின; பிரயாணிகள் பெருகினர்; மேசையோ பெருகவில்லை.

1946 இல் அக்கம்பனி பொஸ்டன் நகரிலே 'றிசர்வைசர்' என்னும் மின்பொறியை நிறுவியது. ஆசனம் உண்டா இல்லையா என்பதை அப்பொறி விளக்கொளியாற் காட்டியது. 1952 இல் காந்த உருளை ஒன்றிலே கணக்கைப் பதிந்து வைக்கும் திருத்திய பொறி நியூ யோர்க்கிலே அமைக்கப்பட்டது. ஆயினும் ஆசனங்களின் தொகையை அறிந்த அப்பொறிகள் அவற்றிலே அமரப்போகும் ஆட்களை அறியவில்லை. பிரயாணியின் பெயரை எழுதும் வேலை இலிகிதரிடமே எஞ்சி நின்றது.

அடுத்த திருப்பம் தற்செயலாக நேர்ந்தது. 1953 இல் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ யோர்க்குக்குச் சென்ற விமானமொன்றிலே அருகருகே அமர்ந்த இருவர் ஒருவர் பெயரை மற்றவர் கேட்டு வியந்தனர். இருவருமே ஸ்மித் என்னும் குடும்பப் பெயரினர். ஒருவர் அமெரிக்கன் எயார்லைன்ஸின் தலைவர் சி. ஆர். ஸ்மித். மற்றவர் ஐ.பி.எம். கம்பனியின் விற்பனையாளர் பிளேயர் ஸ்மித். அக்காலத்திலே ஐ.பி.எம். கம்பனி அமெரிக்க விமானப் படைக்காக ஒரு பெருங் கணனி முறைமையை அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தது. பல இடங்களிலுள்ள ராடார் நிலையங்களிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக வரும் செய்திகளை உடனுக்குடன் ஒருங்கு சேர்ப்பது அம்முறைமையின் தொழில். பகைவரின் விமானத்தைக் கண்காணிக்கும் அதே வழியால் வெற்று ஆசனத்தையும் கண்காணிக்கலாமே என்னும் எண்ணம் பிறந்தது. அவ்வெண்ணத்தின் பயனாய் எழுந்ததுதான் 'சேபர்' என்னும் முறைமை. நியூ யோர்க் மாநிலத்திலே நிறுவப்பட்ட இரு பெருங் கணனிகள் 1964 ஆம் ஆண்டளவில் அக்கம்பனியின் ஆசனப் பதிவு முழுவதையும் ஏற்றுக்கொண்டன. நாளொன்றுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் 80,000க்கு மேற்பட்டவை. செலவு ஏறத்தாழ 4 கோடி டொலர். 90 நிமிட வேலை சில வினாடிகளிலே முடிந்தது.

இதுவரை இயந்திரம் கம்பனியின் வீட்டுக்குள்ளே இருந்தது. வெளியே நின்றவர் பிரயாண முகவர். கப்பற் காலத்திலிருந்தே சீட்டு விற்றுத் தரகு பெற்று வந்தவர் அவர். பிரயாணி கேட்டதும் முகவர் கம்பனிக்குத் தொலைபேசி எடுப்பார். கம்பனியின் இலிகிதர் பார்த்து விடை சொல்வார். ஒரே விற்பனைக்கு இருவர் உழைத்தனர். முகவரின் மேசையிலேயே ஒரு திரையை வைத்துவிட்டால் இலிகிதரின் கூலி மிச்சமாகும் அல்லவா? 1976 இல் யுனைடெட் எயார்லைன்ஸ் 'அப்பலோ' என்னும் தன் முறைமையையும், அமெரிக்கன் எயார்லைன்ஸ் சேபரையும் முகவர் நிலையங்களுக்குக் கொண்டு சென்றன. முகவருக்கும் இது நன்மையே. ஒரே திரையிலே பல கம்பனிகளின் விமானங்களையும் அவர் காண முடிந்தது. கணக்குத் தீர்க்கும் தொல்லையும் இக்காலத்திலே குறைந்தது. ஒவ்வொரு கம்பனிக்கும் தனித்தனியே பணம் அனுப்புவதற்குப் பதிலாக, எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திற் செலுத்தும் ஒழுங்கை அகில உலக விமானப் போக்குவரத்துச் சங்கம் 1971 இல் யப்பானிலே தொடக்கி, பின்னர் பிற நாடுகளுக்கும் பரப்பியது.

ஆயினும் இத்திரையினுள்ளே ஒரு சூழ்ச்சி மறைந்திருந்தது. 1978 இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. யாரும் எங்கும் பறக்கலாம், எக்கட்டணமும் கேட்கலாம் என்ற நிலை தோன்றியது. தெரிவுகள் பெருகவே, முகவர் திரையை நம்பியிருக்கும் தேவையும் பெருகிற்று. ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்கு இருபது விமானங்கள் இருக்கலாம். வேலைப்பளு மிகுந்த முகவர் இருபதையும் பார்ப்பதில்லை. திரையின் முதற் பக்கத்திலே, அதிலும் முதற் சில வரிகளிலே காண்பவற்றையே பெரும்பாலும் விற்று முடிப்பார். இதனை உணர்ந்த கம்பனிகள் தம் விமானங்களை மேல்வரிகளிலும் போட்டியாளரின் விமானங்களைக் கீழ்வரிகளிலும் வருமாறு அமைத்துக்கொண்டன. மலிவான கட்டணமும் நேரான பிரயாணமும் இருந்தும், பட்டியலின் அடியிலே கிடந்த காரணத்தால் விலைபோகாத ஆசனங்கள் பலவாயின. அமெரிக்கன் எயார்லைன்ஸின் ரொபேர்ட் கிராண்டல் இதனை மறைக்கவும் இல்லை. தம் விமானங்களை முன்னிறுத்துவதற்காகவே இம்முறைமையைப் படைத்தோம் என்னும் கருத்துப்பட அவர் 1983 இல் அமெரிக்கக் காங்கிரசின் முன்னிலையிலேயே கூறினார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் தகும். திரையிலே தோன்றிய விவரங்களுட் பொய் ஏதும் இருக்கவில்லை. நேரம் சரி, கட்டணம் சரி. பட்டியலின் ஒழுங்கு ஒன்றிலேதான் பக்கச்சார்பு குடியிருந்தது. உண்மைகளை வரிசைப்படுத்தும் முறையாலேயே ஒருவனை வழிதவறச் செய்யலாம் என்பதற்கு வாணிப வரலாற்றில் இதனைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. போட்டியாளர் முறையிட்டனர். அமெரிக்க சிவில் விமான சபை தான் கலைக்கப்படுவதற்குச் சற்று முன்னர், 1984 இல், விதிகள் சிலவற்றை ஆக்கியது. கம்பனியின் பெயரைப் பார்த்து விமானங்களை வரிசைப்படுத்தலாகாது என்றும், முறைமையைப் பயன்படுத்தும் எல்லாக் கம்பனிகளிடமும் ஒரே அளவான கட்டணமே அறவிடப்படல் வேண்டும் என்றும் அவை கூறின.

நீதியான விதிகளே. ஆயின் அவற்றாலும் எதிர்பாராத விளைவு ஒன்று நேர்ந்தது. ஒழுங்கை மாற்றி ஆதாயம் பெறும் வழி அடைபட்டதும், முறைமைகளின் உடைமையாளர் பதிவுக் கட்டணத்தின் மூலம் ஆதாயம் தேடத் தலைப்பட்டனர். எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்ற விதி அக்கட்டணம் உயர்வதைத் தடுக்கவில்லை. விற்கப்படும் ஒவ்வொரு பறப்புக்கும் விமானக் கம்பனி ஒரு தொகையை முறைமைக்குச் செலுத்த வேண்டியிருந்தது. செலுத்த மறுத்தால் முகவரின் திரையிலிருந்து மறைய நேரிடும். திரையிலே இல்லாத விமானத்தை விற்பவர் யார்? செலவைக் குறைப்பதற்காக அமைக்கப்பட்ட பாதையிலே ஒரு சுங்கச் சாவடி எழுந்துவிட்டது. ஐரோப்பியக் கம்பனிகள் அமெரிக்கச் சாவடிகளுக்கு அஞ்சி 1987 இல் தமக்கென அமதேயஸ், கலிலியோ என்னும் இரு முறைமைகளைத் தோற்றுவித்தன. பின்னர் இம்முறைமைகளுட் பல தம்மைப் பெற்ற கம்பனிகளினின்றும் பிரிந்து தனி வியாபாரங்கள் ஆயின. சேபர் 2000 ஆம் ஆண்டிலே தாய்க் கம்பனியினின்றும் முற்றாகப் பிரிந்தது. அதன்பின் தான் பெற்ற பிள்ளைக்கே அமெரிக்கன் எயார்லைன்ஸ் சுங்கம் செலுத்தி வந்தது.

இவ்வாறாக விற்பனைச் செலவு மூன்று கூறுகளை உடையதாயிற்று: முகவருக்குத் தரகு, கடதாசிச் சீட்டுக்கு ஆகும் செலவு, முறைமைக்குப் பதிவுக் கட்டணம். 1990களிலே கம்பனிகள் இம்மூன்றையும் குறைக்க முற்பட்டன.

முதல் அடி முகவர் மேல் விழுந்தது. அமெரிக்காவிலே சீட்டு விலையிற் பத்திலொரு பங்கு தரகாக வழங்கப்பட்டு வந்தது. 1995 பெப்ரவரியிலே டெல்டா கம்பனி, உள்நாட்டிற் போய்வரும் சீட்டுக்கு எவ்வளவு விலையாயினும் 50 டொலருக்கு மேல் தரகில்லை என அறிவித்தது. பிற பெருங் கம்பனிகளும் உடனே அதனைப் பின்பற்றின. 1997 இல் தரகு நூற்றுக்கு 8 ஆகவும், 1999 இல் நூற்றுக்கு 5 ஆகவும் தேய்ந்தது. 2002 மார்ச்சிலே டெல்டா அடிப்படைத் தரகை அடியோடு நிறுத்த, ஏனையவையும் நிறுத்தின. ஏழே ஆண்டுகளில் ஒரு தொழிலின் அத்திவாரம் தகர்ந்தது. பல சிறு நிலையங்கள் மூடப்பட்டன. எஞ்சியவை, முன்னர் கம்பனியிடம் பெற்ற கூலியைப் பிரயாணியிடமே சேவைக் கட்டணமாக அறவிடத் தொடங்கின. கம்பனியின் ஏட்டிலே செலவு மறைந்தது. பிரயாணியின் பணப்பையிலே அது மீண்டும் தோன்றியது.

இரண்டாவது, கடதாசிச் சீட்டு. சிவந்த மைப்படலம் பூசிய அடுக்குத் தாள்களாலான சீட்டை நேயர்களுட் பலர் கண்டிருப்பர். தொலைந்தாற் பணம் தொலைந்ததற்கு ஒப்பாகக் கருதி, கடவுச்சீட்டினுள்ளே வைத்து அதனைக் காத்த காலம் ஒன்று இருந்தது. அச்சீட்டை அச்சிட்டு, அனுப்பி, விமானம் சென்றபின் அதன் துண்டுகளைச் சேர்த்துக் கம்பனிகள் தம்முட் கணக்குத் தீர்ப்பதற்கு ஒரு சீட்டுக்கு ஏறத்தாழ 10 டொலர் செலவாயிற்று. அதே விவரத்தைக் கணனியிலே வைத்துக்கொண்டாலோ ஒரு டொலரே போதுமானது. 1994 அளவிலே அமெரிக்காவிற் சில கம்பனிகள் தொடங்கிய இம்முறையை உலகெங்கும் பரப்புவதென விமானப் போக்குவரத்துச் சங்கம் 2004 இல் தீர்மானித்தது. 2008 யூன் முதலாந் திகதியோடு அச்சங்கத்தின் வழியாக முகவருக்குக் கடதாசிச் சீட்டு வழங்கப்படுவது நின்றது. ஆண்டொன்றுக்கு 300 கோடி டொலர் வரை மிச்சமாகும் என்று சங்கம் மதிப்பிட்டது. இம்மூன்று முயற்சிகளுள்ளும் யாருக்கும் பெருந் தீங்கின்றி நிறைவேறியது இதுவே எனலாம். சீட்டுத் தொலையும் அச்சம் பிரயாணியை விட்டு நீங்கிற்று.

மூன்றாவது, சுங்கச் சாவடியைத் தாண்டும் முயற்சி. டெக்சஸ் மாநிலத்திலே 1971 இற் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் கம்பனி, மலிவான கட்டணத்தையே மூலதனமாகக் கொண்டது. பதிவுக் கட்டணம் செலுத்தினால் அம்மலிவு நிலைக்காது எனக் கண்டு, அது பெரும்பாலான முறைமைகளினின்றும் விலகி நின்றது. 1994 இல் சில முறைமைகள் தம் கதவை அதற்கு அடைத்தன. அக்கம்பனியோ சீட்டே இல்லாத பிரயாண முறையை 1995 தொடக்கத்திலே தன் பாதைகள் முழுவதிலும் புகுத்தி, பிரயாணியோடு நேரிற் பேசியது. அதே ஆண்டு நவம்பரிலே பிரித்தானியாவின் லூட்டன் நகரிலிருந்து பறக்கத் தொடங்கிய ஈசிஜெட் கம்பனி, தன் தொலைபேசி எண்ணை விமானத்தின் உடலிலேயே பேரெழுத்திற் பொறித்தது. விமானமே விளம்பரப் பலகையாயிற்று. முகவருக்குத் தரகு இல்லை. முறைமைக்குச் சுங்கம் இல்லை. 1998 இல் அது இணையத்தளத்திலும் விற்கத் தொடங்கியது. இணையம் பரவியதும், பிரயாணி ஒவ்வொருவனும் தன் வீட்டிலிருந்தே அக்கணக்கேட்டை நேரிற் பார்க்கும் வாய்ப்புப் பெற்றான்.

இதனோடு இடைநின்றோர் மறைந்தனரோ எனின், இல்லை. 1996 இலேயே இணையத்திற் சீட்டு விற்கும் புதிய முகவர் நிலையங்கள் தோன்றின. எக்ஸ்பீடியாவை மைக்ரோசொப்ற் கம்பனியும், ட்ராவலொசிற்றியைச் சேபரும் தொடக்கின. இவற்றுக்கு எதிராக 2001 இல் அமெரிக்கப் பெருங் கம்பனிகள் ஐந்து கூடி 'ஓர்பிற்ஸ்' என்னும் இணைய நிலையத்தைத் தொடக்கிப் பின்னர் அதனையும் விற்றுவிட்டன. முகவரை விலக்குவதே தன் பெருமை எனக் கூறிய ஈசிஜெட்கூட, கம்பனி அலுவலாகப் பிரயாணஞ் செய்வோரைப் பெற விரும்பி 2007 இல் அமதேயஸ், கலிலியோ ஆகிய இரண்டினுள்ளும் புகுந்தது. 2012 இல் விமானப் போக்குவரத்துச் சங்கம், கம்பனிகள் தம் சரக்கைத் தாமே விவரித்து முகவருக்கு அனுப்பத்தக்க புதிய தொடர்பு முறையொன்றை வகுத்தது. 2015 செப்டெம்பரிலே ஜேர்மனியின் லுப்தான்சா, பழைய முறைமைகளின் வழியாக வாங்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் 16 யூரோ மேலதிகக் கட்டணம் விதித்தது. சாவடியின் சுங்கத்தைப் பிரயாணிக்குக் கண்கூடாகக் காட்டியதே அதன் புதுமை.

நீதிமன்றமும் இவ்வழக்கைக் கேட்டது. யூ. எஸ். எயார்வேஸ் என்னும் கம்பனி 2011 இற் சேபர் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு நடக்கும்போதே, 2013 இல், அக்கம்பனி அமெரிக்கன் எயார்லைன்ஸோடு இணைந்தது. ஆகவே சேபரைப் பெற்ற குடும்பமே சேபரை எதிர்த்து வழக்காடியதாயிற்று. மேன்முறையீட்டின் பின் மீண்டும் நடந்த விசாரணையிலே, 2022 இல், சேபர் தன் தனியுரிமை வலிமையைத் தவறான வழியிற் காத்தது என யூரர் கண்டனர். நட்டஈடாக வழங்கியதோ ஒரு டொலர். குற்றம் இருந்தது, அதனால் விளைந்த நட்டத்தை அளக்க முடியவில்லை என்பது போலும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய தெளிவு யாது? விற்பனைச் செலவு குறைந்தது உண்மை. மலிவான கட்டணத்தால் முன்னர் விமானம் ஏறாத பலர் இன்று ஏறுகின்றனர். அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் குறைந்தது என்று சொல்லப்பட்ட செலவில் ஒரு பகுதி இடம் மாறியதே அன்றி மறையவில்லை. இலிகிதர் செய்த வேலையை முகவர் செய்தார். முகவர் செய்த வேலையை இன்று பிரயாணி தானே செய்கின்றான். நேரம் தேடுவதும், பெயரைப் பிழையின்றிப் பதிவதும், மாற்றத்துக்குரிய விதிகளை வாசிப்பதும் அவன் பொறுப்பு. கற்றவனுக்கும் வசதியுள்ளவனுக்கும் இது எளிது. மொழியறியாத முதியவருக்கும், கடன் அட்டை இல்லாத தொழிலாளிக்கும் எளிதன்று. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிரயாண முகவர் நிலையங்கள் இன்றும் இயங்குவதற்கு இது ஒரு காரணம். 2020 இற் பெருந்தொற்றினால் விமானங்கள் நின்றபோது, பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு யாரிடம் செல்வது என அறியாது உலகெங்கும் பிரயாணிகள் திகைத்தனர். தரகு வாங்கிய மனிதர் ஒருவர் இருந்தால், கேள்வி கேட்பதற்கும் ஒருவர் இருப்பார் என்பதை அப்போது பலர் உணர்ந்தனர்.

மற்றொன்று, இதனினும் முக்கியமானது. 1984 ஆம் ஆண்டின் விதிகள் 2004 இல் அமெரிக்காவிலே காலாவதியாயின. முகவரின் திரையிலே நிகழ்ந்த அச்சிறு சூழ்ச்சி இன்று நம் ஒவ்வொருவர் கையிலுள்ள திரையிலும் நிகழ இடமுண்டு. விமானச் சீட்டு மாத்திரமன்று. புத்தகமும், மருந்தும், செய்தியும்கூடப் பட்டியலாகவே நம்முன் வருகின்றன. முதல்வரியிலே நிற்பது சிறந்ததாகவும் இருக்கலாம். அங்கே நிற்பதற்காகப் பணம் கொடுத்ததாகவும் இருக்கலாம். எனவே இனி ஒரு சீட்டை வாங்கும்போது, பட்டியலை அடிவரை ஒருமுறை பார்த்து, இதனை வரிசைப்படுத்தியவர் யார், அவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று கேட்டுக்கொள்வது நன்று. எங்கள் மாணவருக்கு நான் சொல்லிக் கொடுக்க விரும்பும் பாடமும் அதுவே.